கடுகு காணாமல் போனால் அடுப்பை நிறுத்தவும்

திருமூர்த்திக்கு அருள்செல்வன் என்ற மனிதரைக் கட்டோடு பிடிக்கவில்லை. அவரை இன்னும் பார்த்ததில்லை என்பது அதற்கு ஒரு தடையாக இருக்கவில்லை. இட்லிக்கு முன்னால் ஒரு தடவை, இட்லிக்குப் பின்னால் ஒரு தடவை "அருள் சார் சொன்னாருங்கப்பா" என்று பெற்ற மகளே சொன்னால் எந்தத் தகப்பனுக்கும் வயிறு எரியத்தான் செய்யும்.

ராயபுரத்தில் வீட்டுக்குக் கீழேயே திருமூர்த்தி ஒரு செக்கிங் யூனிட் வைத்திருந்தார். பனியன் கம்பெனிகளிலிருந்து வரும் துணிகளில் ஓட்டை, கறை, பிசிறு பார்த்துத் தள்ளும் வேலை. மனைவி ஜெயசுதா ஓர் ஏற்றுமதிக் கம்பெனியில் வெளிநாட்டு ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர். வெளிநாட்டுக்காரன் கண் விழிக்கும் நேரத்தில் இவள் மெயில் அனுப்ப வேண்டும் என்பதால் சமையலறை திருமூர்த்தி கைக்கு வந்து சேர்ந்தது. வேறு வழியில்லாமல் பிடித்த கரண்டி, போகப் போகக் கர்வமாகிவிட்டது. அவர் வைக்கும் கோழிக் குழம்பை மாமனார் வீட்டு ஆட்களே வாய் திறந்து பாராட்டியிருக்கிறார்கள். அவர்கள் அவ்வளவு சுலபத்தில் வாய் திறக்கிறவர்கள் அல்ல.

மகள் அனுப்பிரியா பிளஸ் டூ முடித்துவிட்டாள். ஜூன் மாதம் கோயமுத்தூரில் கல்லூரி. விடுதிச் சோறு ஒத்துக்கொள்ளாது என்று தோழிகளோடு வீடு எடுத்துத் தங்கி, சமைத்துச் சாப்பிடுவதாக ஏற்பாடு. அவளுக்கு வெந்நீர் வைக்கத் தெரியாது. ஆகவே கோடை விடுமுறை முழுவதும் தானே பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுப்பது என்று திருமூர்த்தி முடிவு செய்திருந்தார். முதலில் ரசம், அப்புறம் பொரியல், கடைசியில் கோழிக் குழம்பு. அந்தக் குழம்பு கொதித்து இறங்கும் நாளில் மகள் தன்னை எப்படிப் பார்ப்பாள் என்பது வரைக்கும் மனதுக்குள் ஓட்டிப் பார்த்துவிட்டார்.

அந்த நேரத்தில்தான் பயிற்சிக் கழகம் குறுக்கே வந்தது.

பின்னலாடைத் தொழில் முனைவோர் அறக்கட்டளையின் இளையோர் உணவுச் சுகாதாரம் மற்றும் பாதுகாப்பான சமையல் பயிற்சிக் கழகம் என்பது அதன் முழுப் பெயர். ஒரே பலகையில் அடங்காததால் வாசல் கேட்டின் இந்தக் கதவில் பாதியும் அந்தக் கதவில் பாதியும் மாட்டியிருந்தார்கள். நடுவில் கேட்டைத் திறந்தால் 'உணவுச் சுகாதாரம்' ஒரு பக்கமும் 'சமையல்' ஒரு பக்கமும் பிரிந்து போகும். அது எதேச்சையாக நடந்ததுதான்.

திருப்பூர்ப் பிள்ளைகளுக்குக் கையைக் கழுவிச் சமைக்கக் கற்றுக்கொடுத்தால் நன்றாக இருக்கும் என்று துணி வாங்கும் வெளிநாட்டு பையர் ஒருவர் மெயிலின் கடைசியில் ஒரு வரி போட்டிருந்தார். அடுத்த ஆர்டர் முடிவாகாத சமயம். அந்த ஒரு வரிக்குக் கட்டடம் கட்டிவிட்டார் அறக்கட்டளைத் தலைவர் பொங்கியண்ணன். ஜெயசுதாவின் முதலாளிக்கு அவர் சொந்தம். ஊழியர்களின் பிள்ளைகளை அனுப்புங்கள் என்று மேலிருந்து சொன்னார்கள், ஜெயசுதா அனுப்பினாள். திருமூர்த்தியைக் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் பொறாமைப்படப் போகிறேன் என்று அப்போது அவருக்கே தெரிந்திருக்காது.

திறப்பு விழாவில் பெற்றோர்களுக்கு முன்வரிசை. பொங்கியண்ணன் மைக்கைப் பிடித்தார்.

"உணவும் ஒரு உடைதானுங்க. உடையை ஒடம்புக்கு வெளிய போடறோம், உணவை உள்ள போடறோம். வித்தியாசம் அவ்வளவுதானுங்க. நாம முப்பது வருசமா பையர் பண்ற ஒரு ஆடிட்டுலகூட குறை வராமத் தொழில் பண்றோம். அதுக்காகக் கம்பெனில குறையே இல்லைன்னு அர்த்தமில்லீங்க. ஆடிட்டுல வரல. அந்தத் தொழில் நுணுக்கத்தைத்தான் உங்க புள்ளைங்களுக்குக் குடுக்கப் போறமுங்க."

எல்லாரும் கை தட்டினார்கள். திருமூர்த்தியும் தட்டினார். பக்கத்தில் இருந்தவர் தட்டும்போது சும்மா இருந்தால் நன்றாக இருக்காது.

பாடத்திட்டம் தயாரிப்பதில் கழகம் அதிகம் சிரமப்படவில்லை. துணிகளுக்கான தர விதிப் புத்தகத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, 'ஆடை' என்ற சொல் வரும் இடத்திலெல்லாம் 'உணவு' என்று மாற்றிவிட்டார்கள். ஒரு மதியத்தில் வேலை முடிந்தது. 'உணவில் பொத்தான்கள் உறுதியாகத் தைக்கப்பட்டிருக்க வேண்டும்', 'குழந்தைகளுக்கான உணவில் கழுத்துப் பகுதியில் தொங்கும் கயிறு இருக்கக் கூடாது', 'உணவை உட்புறம் வெளியே வரும்படி திருப்பி இஸ்திரி போடவும்' என்றெல்லாம் இருந்ததைப் பார்த்து ஒரு மாணவி சந்தேகம் கேட்டாளாம். பொத்தான் என்பது பாயசத்து முந்திரியைக் குறிக்கும், கயிறு என்பது முருங்கைக்காய் நார், இஸ்திரி போடுவது தோசையைத் திருப்பிப் போடுவது என்று விளக்கம் தரப்பட்டது. விளக்கம் தந்தவர் அருள்செல்வன்.

அருள்செல்வன் ஒரு பெரிய கம்பெனியில் ஊசிக் கட்டுப்பாட்டு அதிகாரியாக இருந்தவர். தையல் ஊசி உடைந்தால், உடைந்த துண்டுகள் எல்லாம் கைக்குக் கிடைத்தால்தான் மெஷினை மறுபடி ஓட்டலாம் என்பது பனியன் கம்பெனிகளில் சட்டம். ஏதோ ஒரு நாட்டில் ஏதோ ஒரு குழந்தையின் சட்டைக்குள் ஊசித் துண்டு போய்விடக் கூடாது என்பதற்காக வைத்த நல்ல சட்டம். அருள்செல்வன் அந்த நல்ல சட்டத்தை அப்படியே தூக்கிக்கொண்டு வந்து தாளிப்புக் கரண்டியில் போட்டார்.

அதன் விளைவு ஒரு ஞாயிற்றுக்கிழமை திருமூர்த்தி வீட்டுக்கு வந்தது. எண்ணெய் காய்ந்து கடுகைப் போட்டார். ஒன்று வெடித்து எகிறி எங்கோ போனது.

"அப்பா, அடுப்ப நிறுத்துங்க!" என்றாள் அனுப்பிரியா. தலையில் வலைத்தொப்பி, கையில் உறை.

"ஏன் சாமி, என்னாச்சு?"

"கடுகு போயிருச்சுங்கப்பா. அது கெடைக்கிற வரைக்கும் சமையல் நடக்கக் கூடாதுங்க. அருள் சார் சொன்னாரு."

"கடுகுன்னா வெடிக்கத்தான் கண்ணு செய்யும்."

"வெடிக்கலாமுங்க. காணாமப் போகக் கூடாதுங்க."

திருமூர்த்தி முட்டி போட்டுக் கடுகு தேடினார். சிலிண்டருக்கு அடியில் ஒன்று கிடைத்தது. அது வெடிக்காத கடுகு, போன மாதத்துக் கடுகாக இருக்கலாம். வெடித்ததுதான் வேண்டும் என்றாள். யாரோ ஒருவர் சொன்னார் என்பதற்காக மகள் இவ்வளவு நம்பிக்கையோடு தரையைத் துழாவுவதை அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். ஸ்வெட்டர் போட்டுக்கொள் என்று தகப்பன் கெஞ்சினால் கேட்காத பெண். படுக்கையை மடி என்றால் மறுநாள் மடிக்கிற பெண். கடைசியில் வெடித்த கடுகு அவருடைய தலைமுடியிலேயே கிடைத்தது. தலையில் தொப்பி போடாததற்குத் தனியாக ஒரு குறை எழுதிக்கொண்டாள்.

அடுத்த வாரம் தோசை. துணியின் கனம் பார்க்க வட்டமாக வெட்டி எடுக்கும் கட்டர் ஒன்று எல்லாக் கம்பெனியிலும் இருக்கும். அனுப்பிரியா அதைக் கழகத்திலிருந்து கொண்டு வந்து, தோசையின் நடுவில் ஒரு வட்டமும் ஓரத்தில் ஒரு வட்டமும் வெட்டி எடை போட்டாள். நடுவில் கனம், ஓரத்தில் மெலிவு. தோசை ரிஜெக்ட்.

"ஓரம் மெலிசா இருந்தாத்தான கண்ணு மொறுமொறுன்னு இருக்கும்?"

"ஒரே பீஸ்ல ரெண்டு கனம் இருந்தா பையர் எடுப்பானுங்களா?"

திருமூர்த்தி அந்த ரிஜெக்ட் தோசையைத் தானே தின்றார். நன்றாகத்தான் இருந்தது.

இதோடு போயிருந்தால் அருள்செல்வன் ஒரு கிறுக்கர் என்று தள்ளிவிட்டு நிம்மதியாக இருந்திருக்கலாம். ஆனால் அந்த மனிதர் நடுநடுவே சரியாகவும் சொல்லித் தொலைத்தார். கோழி வெட்டிய கத்தியிலும் பலகையிலும் அப்படியே தக்காளி வெட்டக் கூடாது என்றாள் மகள். பச்சைக் கோழியைக் குழாயடியில் அலசினால் தண்ணீரோடு கிருமியும் நாலாப் பக்கமும் தெறிக்கும் என்றாள். காலையில் வைத்த குழம்பை ராத்திரி வரை மேடையிலேயே விட்டுவைத்து, "சுட வெச்சாச் சரியாப் போயிரும்" என்று அவர் சொன்னபோது, "சில கிருமி சுட வெச்சாலும் போகாதுங்கப்பா" என்றாள். கரண்டியில் ருசி பார்த்துவிட்டு அதையே மறுபடி குழம்பில் விட்டதற்கு அவள் முகம் சுளித்ததையும் அவர் பார்த்தார். இதெல்லாம் சரிதான் என்று திருமூர்த்திக்குத் தெரியும். தப்பாகச் சொல்லி மகள் கேட்டிருந்தால்கூட இவ்வளவு எரிந்திருக்காது. சரியாகச் சொல்ல அந்த ஆள் யார்?

பொறுக்க முடியாமல் ஒரு நாள் மதியம், ஊத்துக்குளி வெண்ணெயை உருக்கிய நெய் ஊற்றிச் சாதம் பிசைந்து, எவர்சில்வர் டிபன் கேரியரில் போட்டுக்கொண்டு கழகத்துக்குப் போனார். மகளுக்குச் சாப்பாடு என்பது சாக்கு. ஆளைப் பார்க்க வேண்டும்.

கேட்டில் செருப்பைக் கழற்றச் சொல்லி வேறு செருப்புக் கொடுத்தார்கள். தலைக்கு ஒரு வலை. மீசைக்கும் ஒரு வலை. துணிக்குள் ஊசி இருக்கிறதா என்று பார்க்கும் மெஷினில் டிபன் கேரியரை வைத்ததும் அது வீறிட்டு அலறியது.

"உள்ள மெட்டல் இருக்குதுங்க," என்றார் காவலர்.

"கேரியரே மெட்டல்தானுங்க."

"அப்ப சாப்பாடு முழுசாவே ரிஜெக்டுங்க." கேரியரை ஒரு சிவப்புக் கூடையில் வைத்துப் பூட்டினார்.

பயிற்சிக் கூடம் முழுக்கக் கண்ணாடி. உள்ளே அடுப்புகள் புத்தம் புதிதாக மின்னின. சட்டிகளில் கடையில் ஒட்டிய விலைச் சீட்டு இன்னும் இருந்தது. பிள்ளைகள் கண்ணாடிக்கு வெளியே நின்று குறிப்பெடுத்தார்கள். உள்ளே போனால் அழுக்காகிவிடும் என்பதால் யாரும் உள்ளே போவதில்லை.

அருள்செல்வன் வந்து கும்பிட்டார். வெள்ளைக் கோட்டில் ஒரு சுருக்கம் இல்லை. இவரைவிட இளையவர், உயரமும் அதிகம். திருமூர்த்திக்கு அதுவும் பிடிக்கவில்லை.

"வாங்க வாங்க. நீங்கதானுங்களா அனுப்பிரியா அப்பா?" என்றார். குரலில் அவ்வளவு சந்தோஷம் தெரியவில்லை.

"ஆமாங்க. ஏனுங்க, அடுப்புப் பத்த வெச்சுச் சொல்லித் தர்றது எப்பங்க?"

அருள்செல்வன் பரிதாபமாகச் சிரித்தார்.

"தப்பா நெனைக்காதீங்க. உணவுச் சுகாதாரத்துக்கு மொதல் எதிரி எதுங்க? சமையல்தானுங்க. கை சுடறது, கத்தி வெட்டறது, எண்ணெய் தெறிக்கறது எல்லாம் எப்ப நடக்குது? சமைக்கும்போது. வயிறு கெடறது எப்ப? சாப்பிட்டதுக்கு அப்பறம். இங்க ரெண்டையும் கட்டுப்படுத்திட்டமுங்க. ஆரம்பிச்ச நாள்ல இருந்து ஒரு விபத்தில்ல, ஒரு வயித்துப்போக்கில்ல. இந்த மாதிரி ஒரு சமையல் கட்டு ஆசியாவுலயே இல்லீங்க."

"அப்ப எம்பொண்ணு சமைக்கக் கத்துக்கறது?"

"சமைக்கறதுக்கு உண்டான முழுத் தகுதியும் வந்துரும். சமையல் மட்டும் வராது. அது ஊட்டுல பழகிக்கலாமுங்க." சட்டென்று குரல் மாறியது. "அதுதான் நீங்க இருக்கீங்களே. நான் என்ன சொன்னாலும் உங்க பொண்ணு எந்திரிச்சு நின்னு, 'எங்கப்பா இப்படிப் பண்ண மாட்டாருங்க சார்'ங்குது. ரசத்தப் பத்திப் பேசுனா எங்கப்பா. கோழின்னா எங்கப்பா. கிளாஸ்ல பாதிப் புள்ளைங்க இப்ப உங்க கோழிக் குழம்பப் பத்தித்தான் பேசிக்கறாங்க. இருபது வருச அனுபவத்தோட நிக்கிறேனுங்க இங்க. எனக்கும் மனசுன்னு ஒன்னு இருக்குதில்லீங்க?"

திருமூர்த்தி மீசை வலைக்குள் சிரித்தார். வீட்டில் சாரைச் சொல்லி அப்பனை எரிக்கிறாள். இங்கே அப்பனைச் சொல்லி சாரை எரிக்கிறாள். திரும்பி வரும்போது அவருக்கு வண்டி ஓட்டுவதே தெரியவில்லை, அவ்வளவு குளிர்ச்சி. டிபன் கேரியரைச் சிவப்புக் கூடையிலேயே மறந்துவிட்டு வந்துவிட்டார்.

குளிர்ச்சி அன்று சாயங்காலம் வரை தாங்கியது. "அருள் சார் இன்னிக்கு நெம்ப வெசனமா இருந்தாருங்கப்பா, பாவமா இருந்துச்சு," என்றாள் மகள். மறுபடி எரிய ஆரம்பித்தது.

மே மாதக் கடைசியில் பையர் கம்பெனியிலிருந்து ஹெல்கா என்ற அம்மையார் கழகத்தைப் பார்க்க வரப் போவதாகத் தகவல் வந்தது. பொங்கியண்ணன் பெற்றோர்களையும் பிள்ளைகளையும் கூட்டினார்.

"அந்தம்மா கேட்டா என்ன சொல்லோணும்னு எல்லாருக்கும் தெரியுமுங்கல்ல? 'நாங்கள் தினமும் மகிழ்ச்சியாகச் சமைக்கிறோம்.' சிரிச்சுட்டே சொல்லோணும். 'என்ன சமைச்சீங்க'ன்னு கேட்டா, அதுக்கும் 'மகிழ்ச்சியாகச் சமைக்கிறோம்'தான். அதுக்கு மேல கேட்டா இங்கிலீசு தெரியாத மாதிரி இருந்துக்குங்க. பொய் சொல்லச் சொல்லலீங்க. உண்மையை டைமுக்கு முன்னாடி சொல்றோம், அவ்வளவுதான். என்னைக்காவது ஒரு நாள் சமைக்கத்தான போறோம்."

ஹெல்கா வந்தார். கண்ணாடிக் கூடத்தைச் சுற்றி வந்தார். பிள்ளைகள் மகிழ்ச்சியாகச் சமைப்பதைக் கேட்டுக்கொண்டார். உள்ளே போய்க் கீழே உட்கார்ந்து ஒரு சட்டியைத் தூக்கி, அடியில் இருந்த கடைச் சீட்டை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். அப்புறம் வரிசையில் நின்ற பிள்ளைகளில் அனுப்பிரியாவைக் காட்டி, இந்தப் பெண் தன் வீட்டு அடுப்பில் சமைப்பதைப் பார்க்க வேண்டும், இன்றைக்கே, என்றார்.

பொங்கியண்ணனுக்கு முகம் வெளுத்துவிட்டது. ஓரமாக ஒதுங்கி அருள்செல்வனின் காதில் சொன்னார். திருமூர்த்தி பக்கத்தில்தான் நின்றார்.

"ஊட்டுச் சமையல்ங்கறது சப் காண்ட்ராக்ட்டுங்க அருளு. வெளிய ஆர்டர் குடுக்கறோம்னு பையருக்குச் சொல்லவே இல்ல நாம. தெரிஞ்சா அடுத்த சீசன் போச்சு."

"அந்த யூனிட்டுக்கு ஒரு போர்டு மாத்திரம் மாட்டிரலாமுங்களா சார்?"

"இவரு ஊட்டுக்கா?"

"நம்ம பிராஞ்சுன்னு சொல்லிக்கலாமுங்க."

அவர்கள் பலகை தேடி முடிப்பதற்குள் ஹெல்கா காரில் ஏறிவிட்டார். பலகை எப்படியும் இரண்டு இடங்களில் மாட்ட வேண்டியது. திருமூர்த்தி வீட்டு வாசலுக்கு அவ்வளவு அகலம் கிடையாது.

வழியெல்லாம் திருமூர்த்திக்கு ஒரே கவலை. மகள் இதுவரை அடுப்பைப் பற்ற வைத்ததில்லை. கழகத்தில் பற்ற வைக்க விடவில்லை. வீட்டில் தான் பற்ற வைக்க விடவில்லை, எங்கே தான் இல்லாமலே பழகிவிடுவாளோ என்று. ஊர் பார்க்க அவள் தடுமாறினால் அவமானம். தடுமாறாமல் சமைத்துவிட்டு அருள்செல்வன் பெயரைச் சொல்லிவிட்டால் அதைவிட அவமானம். இரண்டில் எது நடக்கக் கூடாது என்று கடவுளை வேண்டுவது என்றே அவருக்குத் தெரியவில்லை.

சமையலறைக்குள் அனுப்பிரியா நுழைந்ததும் திருமூர்த்தியும் அருள்செல்வனும் பின்னாலேயே நுழைந்தார்கள்.

"அரிசிம்பருப்புச் சாதம் வெச்சுரு கண்ணு, அதுதான் சுலபம். மொதல்ல அடுப்பப் பத்த வை," என்றார் திருமூர்த்தி.

"மொதல்ல கை கழுவோணும்மா. நகத்துக்கு அடியில," என்றார் அருள்செல்வன்.

"வெங்காயம் பொன்னிறமா வரோணும், சாமி."

"கோட்டுப் பட்டன் போட்டாச்சாம்மா?"

"தீயக் கொறை!"

"இன்னும் பத்த வெக்கவே இல்லீங்களே!"

"அதுதான் சொல்றேன், பத்த வெச்சதும் கொறை!"

அனுப்பிரியா குழாயை நிறுத்தினாள். "ரெண்டு பேரும் சித்த வெளிய இருங்க," என்றாள். திருமூர்த்தி அருள்செல்வனைப் பார்த்து, போங்கள் என்று கை காட்டினார். "ரெண்டு பேருங்கப்பா," என்று சொல்லிக் கதவைச் சாத்தித் தாழ் போட்டுக்கொண்டாள்.

வெளியே சோபாவில் ஹெல்காவும் பொங்கியண்ணனும். ஜெயசுதா கம்பெனியிலிருந்து அவசரமாக வந்து மொழிபெயர்ப்புக்கு நின்றாள். இடமில்லாததால் திருமூர்த்தியும் அருள்செல்வனும் சமையலறைக் கதவோரம் தரையில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். உள்ளே ஏதோ விழுந்தது. இருவரும் ஒரே நேரத்தில் எழுந்து, ஒருவரை ஒருவர் பார்த்துவிட்டு உட்கார்ந்தார்கள். கடுகு வெடிக்கிற சத்தம் கேட்டது.

"எகிறியிருக்குமுங்களா?" என்றார் அருள்செல்வன், தாழ்ந்த குரலில்.

"எகிறியிருக்குமுங்க."

"தேடறாப்பல தெரியலையே."

"தேடலீங்க," என்றார் திருமூர்த்தி. சந்தோஷப்படுவதா என்று யோசித்தார். குக்கர் விசில் அடித்தது. இன்னொன்று அடித்தது. இன்னொன்றும். நிறுத்து நிறுத்து என்று அவர் வாய்க்குள்ளேயே சொன்னார்.

கதவு திறந்தது. அனுப்பிரியாவின் நெற்றியெல்லாம் வேர்வை. கட்டை விரலில் சின்னதாகச் சூடு பட்டுச் சிவந்திருந்தது. இலையில் ஆவி பறக்க அரிசிம்பருப்புச் சாதம், மேலே நெய்.

"அடியில கொஞ்சம் புடிச்சுருச்சுங்க. மேலாப்பல நல்லாருக்குது," என்றாள்.

ஹெல்கா கை கழுவி வந்து, கையாலேயே சாப்பிட்டார். இரண்டாம் தடவையும் வாங்கிக்கொண்டார். சாப்பிட்டு முடித்து ஏதோ கேட்டார். ஜெயசுதா சொன்னாள்: "உனக்கு யார் கத்துக் குடுத்தாங்கன்னு கேக்கறாங்க கண்ணு."

அருள்செல்வன் கோட்டை நீவிவிட்டுக்கொண்டார். பொங்கியண்ணன், சாரைச் சொல் சாரைச் சொல் என்று கண்ணாலேயே கெஞ்சினார். திருமூர்த்தி மகளைப் பார்க்கத் தைரியம் இல்லாமல் மின்விசிறியைப் பார்த்தார். அவருக்கு இந்த உலகத்தில் அந்த நிமிடம் வேண்டியிருந்தது ஒரே ஒரு சொல்.

அனுப்பிரியா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். அந்த வயதுக்கே உரிய அலுப்பு முகத்தில் வந்தது.

"எங்கப்பா சமைக்கிறதப் பாத்து வளந்தேனுங்க. ஆனா அவரு கை கழுவ மாட்டாரு. சார் கை கழுவச் சொல்லிக் குடுத்தாருங்க. ஆனா அவரு சமைக்கவே விட மாட்டாரு. அதனால இன்னிக்கு நானே கை கழுவிட்டு நானே சமைச்சேன்."

ஜெயசுதா பதினைந்து வருஷ மெர்ச்சண்டைசர். தாமதமான சரக்கையும் ஓட்டை விழுந்த சரக்கையும் பையரிடம் வலிக்காமல் சொல்லிப் பழகிய வாய். ஹெல்கா பக்கம் திரும்பி, இது முழுக்க முழுக்க ஒரு கூட்டு முயற்சி என்கிறாள் என்று ஆங்கிலத்தில் சொன்னாள்.

ஹெல்கா கை தட்டினார். பொங்கியண்ணனுக்கு உயிர் வந்தது. அடுத்த சீசன் ஆர்டரோடு கழகத்துக்கு ஒரு கேடயமும் வந்தது. அந்தக் கேடயத்தைக் கண்ணாடிக் கூடத்துக்குள், ஓர் அடுப்பின் மேல் வைத்திருக்கிறார்கள். ஆகவே அந்த அடுப்பை இனிப் பற்ற வைக்க முடியாது.

அன்று கார் ஏறப் போகும்போது அருள்செல்வன் திருமூர்த்தியின் பக்கத்தில் வந்து நின்றார். "என்னை 'சமைக்கவே விட மாட்டாரு'ன்னுருச்சுங்களே," என்றார்.

"என்னைக் கை கழுவ மாட்டான்னுருச்சுங்க. வெள்ளக்காரி முன்னால."

"ஆனா உங்களத்தான் மொதல்ல சொல்லுச்சு."

"ஆமாங்க," என்றார் திருமூர்த்தி. அதை அவர் முன்பே கவனித்து வைத்திருந்தார். இருந்தாலும் அந்த ஆள் வாயாலேயே கேட்டபோது பாவமாக இருந்தது. "அடி புடிச்சது கொஞ்சம் மிச்சமிருக்குது, உள்ள வாங்க," என்றார். இரண்டு பேரும் குக்கரைச் சுரண்டிச் சாப்பிட்டார்கள். ஒருவர் கை கழுவிவிட்டுச் சாப்பிட்டார். மற்றவரும் அவரைப் பார்த்துக் கழுவிக்கொண்டார்.

ஜூன் பிறந்து அனுப்பிரியா கோயமுத்தூர் போய்விட்டாள். வீட்டில் யாரும் அவருடைய தோசையை எடை போடவில்லை. தலைக்குத் தொப்பி போடச் சொல்லவில்லை. திருமூர்த்தி கோழி வெட்டிய பலகையைத் தனியாகக் கழுவி வெயிலில் வைத்துவிட்டு, அதைச் சொல்வதற்கு ஆள் இல்லாமல் நின்றார். ஒரு சனிக்கிழமை மத்தியானம் மகளின் போன் வந்தது.

"அப்பா, கோழிக்கு நாம மசாலாவ வறுத்து அரைக்கறமில்லீங்க, அது தேவையில்லீங்களாமா. பச்சையா அரைச்சாத்தான் வாசமாமுங்க. முத்துப்பேச்சி அக்கா சொன்னாங்க."

"யாரு சாமி அது?"

"எங்க ரூம்தானுங்க. திருநெல்வேலிப் பக்கம். சீனியரு. அவங்க கைப்பக்குவம் இருக்குது பாருங்க, யாருக்கும் வராதுங்கப்பா."

திருமூர்த்திக்கு வயிற்றில் பழைய இடத்தில் தீ பிடித்தது. "அந்தப் புள்ள கை கழுவுதா?" என்று மட்டும் கேட்டார்.

"அதெல்லாம் ஒன்னும் வேண்டாமாமுங்க. 'அடுப்புக்கு மேல கிருமி நிக்குமா புள்ள'ங்கறாங்க," என்று சிரித்துவிட்டு வைத்துவிட்டாள்.

அவர் போனைக் கீழே வைப்பதற்குள் அது மறுபடி அடித்தது. அருள்செல்வன்.

"ஏனுங்க, ஒன்னு கேக்கலாமுங்களா? கொஞ்சம் முன்னாலதான் அனுப்பிரியா எனக்குப் போன் பண்ணுச்சு. யாருங்க அந்த முத்துப்பேச்சி?"

திருமூர்த்திக்கு இந்த மனிதரின் மேல் முதன்முதலாக அன்பு வந்தது. கூடப் பிறந்தவன் பேசுவது போல இருந்தது.

"தெரியலீங்க. கைப்பக்குவம் யாருக்கும் வராதாம்."

"கையே கழுவறதில்லையாமுங்க!"

"மசாலாவப் பச்சையா அரைக்குதாமுங்க!"

"நாளைக்கு ஞாயித்துக்கெழமைதானுங்க," என்றார் அருள்செல்வன். "நான் கார் எடுத்துட்டு வர்றேன். நீங்க கோழிக் குழம்பு வெச்சு எடுத்துக்குங்க. நான் சோப்பு, தொப்பியெல்லாம் எடுத்துக்கறேன். வர்றோம்னு பொண்ணுகிட்ட ஒரு வார்த்தை சொல்லிருங்க."

"சொல்ல வேண்டாமுங்க," என்றார் திருமூர்த்தி. "சொல்லாமப் போலாம்."